கொசுக்கடித் தடிப்பு முதல் கண்ணாடி விரியன் வரை: மாஸ்ட் செல்லின் வேலை

சென்னையில் மாலை ஆறு மணிக்கு மேல் கொசுவிடம் தப்பித்தவர்கள் குறைவு. கடித்த இடம் சில நிமிடங்களில் வட்டமாகத் தடித்துச் சிவந்து அரிக்கத் தொடங்கும். கொசு விஷம் என்று சொல்லி உப்பைத் தேய்ப்பவர்களும் சுண்ணாம்பு தடவுபவர்களும் உண்டு. ஆனால் அந்தத் தடிப்பைக் கொசு நேரடியாக உண்டாக்குவதில்லை. அது உள்ளே விட்டது கொஞ்சம் எச்சில், அதுவும் உறிஞ்சும்போது ரத்தம் உறையாமல் இருப்பதற்காக. தடிப்பு, சிவப்பு, அரிப்பு மூன்றும் பெரும்பாலும் நம் தோலுக்குள்ளேயே குடியிருக்கும் ஒரு செல்லின் கைவேலை.

சந்தேகம் இருந்தால் இதைப் பாருங்கள். கென்னத் மெல்லன்பி என்ற பிரிட்டிஷ் பூச்சியியலாளர் 1946-இல் கொசுக்கடிக்கு மனிதத் தோல் காட்டும் எதிர்வினையை வரிசைப்படுத்தினார். வாழ்நாளில் அந்த வகைக் கொசுவே கடித்திராத ஒருவருக்கு முதல் கடியில் ஒன்றும் ஆகாது. சில கடிகளுக்குப் பிறகு, மறுநாள் மட்டும் ஒரு சிறு கட்டி வரும். அதற்கடுத்த கட்டத்தில்தான் கடித்த உடனே வரும் தடிப்பு தொடங்கும். தொடர்ந்து கடிபட்டால் முதலில் மறுநாள் கட்டி நின்றுபோகும், நெடுங்காலம் கழித்து உடனடித் தடிப்பும் நின்றுபோகும். கோடை விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வரும் பேரப்பிள்ளைகளுக்குக் கையும் காலும் வீங்கிக் கிடக்க, அதே கொசுக்களோடு அறுபது வருடம் வாழ்ந்த தாத்தா சும்மா உட்கார்ந்திருப்பது இதனால்தான். கொசுவும் எச்சிலும் ஒன்றே, மாறியிருப்பது எதிர்வினை காட்டும் உடல்.

உடனடித் தடிப்பை உண்டாக்கும் அந்தச் செல்லுக்குப் பெயர் மாஸ்ட் செல். பள்ளி உயிரியல் புத்தகத்தில் இணைப்புத் திசு பாடத்தில் ஒரு வரியில் வந்துபோகும். அதை முதலில் அடையாளம் கண்டு பெயரிட்டவர் பால் எர்லிக், 1878-இல், 24 வயது மருத்துவ மாணவராக, தன் ஆய்வேட்டில். திசுக்களுக்குச் சாயம் ஏற்றிப் பார்த்தபோது சில செல்கள் மட்டும் வயிறு புடைக்கக் குருணைகளை அடைத்துக்கொண்டு, ஊற்றிய சாயத்தின் நிறத்தில் இல்லாமல் வேறு நிறத்தில் மின்னின. அந்தக் குருணைகள் சேமித்து வைத்த ஊட்டப்பொருள் என்று அவர் எண்ணினார். அவை என்னவென்று தெரிய நெடுநாள் ஆயிற்று. ஹெப்பாரின் இருப்பது 1937-இலும், ஹிஸ்டமின் இருப்பது 1953-இலும் தெளிவாயின.

இந்தச் செல்கள் எலும்பு மஜ்ஜையில் பிறப்பவை. ஆனால் மற்ற வெள்ளணுக்களைப் போல முதிர்ந்த நிலையில் ரத்தத்தில் சுற்றுவதில்லை. பாதி வளர்ந்த நிலையில் கிளம்பித் திசுக்களுக்குள் நுழைந்து அங்கேயே முதிர்கின்றன. எந்தத் திசு என்பதுதான் முக்கியம். தோல், கண்ணின் மேல்சவ்வு, மூக்கின் உட்பூச்சு, மூச்சுக்குழாய், குடல் என்று வெளியுலகம் நம்மைத் தொடும் எல்லா இடங்களிலும், அதிலும் சிறு ரத்த நாளங்களையும் நரம்பு நுனிகளையும் ஒட்டியே இருக்கின்றன. ஓரிரு நாளில் செத்துப்போகும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுவைப் போல இல்லாமல் மாதக்கணக்கில் வாழ்கின்றன. உள்ளிருப்பதைக் கொட்டிய பிறகும் சாவதில்லை. சில நாட்கள் எடுத்துக்கொண்டு மறுபடி நிரப்பிக்கொள்கின்றன.

மூன்று வேகம்

காலை நேரத்து டிபன் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். வடை தட்டில் தயாராக இருக்கும், கேட்டவுடன் எடுத்துத் தருவார்கள். தோசை என்றால் கேட்ட பிறகுதான் ஊற்றுவார்கள், சில நிமிடம் ஆகும். கூட்டம் அதிகம் என்று தெரிந்தால் பின்கட்டில் சாயங்காலத்துக்கு மாவு அரைக்கச் சொல்லிவிடுவார்கள். மாஸ்ட் செல்லும் இப்படி மூன்று வேகத்தில் வேலை செய்கிறது.

முதலாவது, குருணைகளில் ஏற்கெனவே செய்து வைத்த சரக்கு. தூண்டப்பட்ட நொடிகளிலேயே வெளியே கொட்டுகிறது. இதில் பெயர்போனது ஹிஸ்டமின். சிறு ரத்த நாளங்களின் சுவரை இது தளர்த்துகிறது. ரத்தத்தின் நீர்ப்பகுதி கசிந்து வெளியே வருவதுதான் நாம் பார்க்கும் தடிப்பு. நரம்பைத் தொட்டால் அரிப்பு, மூச்சுக்குழாய்த் தசையைச் சுருக்கினால் இரைப்பு, மூக்கில் வேலை செய்தால் தும்மலும் ஒழுகலும். கூடவே டிரிப்டேஸ், கைமேஸ் போன்ற புரதம் வெட்டும் நொதிகள் வருகின்றன. ஹெப்பாரினும் வருகிறது. டயாலிசிஸ் எந்திரத்தில் ரத்தம் உறையாமலிருக்கச் செலுத்துகிறார்களே, அதே ஹெப்பாரின்தான். மருந்தாக விற்பதைப் பெரும்பாலும் பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்து எடுக்கிறார்கள், மாஸ்ட் செல்கள் அங்கே நெருக்கமாக இருப்பதால்.

இரண்டாவது, தூண்டப்பட்ட பிறகு செல்லின் சவ்விலுள்ள கொழுப்பை உடைத்து நிமிடங்களில் செய்யும் லியூக்கோட்ரையீன்களும் புரோஸ்டாகிளாண்டின்களும். மூச்சுக்குழாயைச் சுருக்குவதில் லியூக்கோட்ரையீன்கள் ஹிஸ்டமினைவிட வலியவை. மூன்றாவது, மணிக்கணக்கில் புதிதாகத் தயாரித்து அனுப்பும் சைட்டோகைன்கள். இவை செய்தி எடுத்துச் செல்லும் புரதங்கள், வேறு வெள்ளணுக்களை அந்த இடத்துக்கு வரவழைக்கும். காலையில் ஒட்டடை அடித்தவுடன் தும்மித் தீர்த்தவருக்கு மதியத்துக்கு மேல் மறுபடி மூக்கடைப்பும் இரைப்பும் வருவது இந்த மூன்றாவது வேகத்தின் கணக்கு.

யார் தூண்டுகிறார்கள்

1921-இல் ஜெர்மனியில் நடந்த ஒரு சோதனை இன்றும் சுவையானது. ஹைன்ஸ் குஸ்ட்னர் என்ற மருத்துவருக்கு மீன் ஆகாது. அவருடைய ரத்தத்தின் தெளிந்த பகுதியை, மீன் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாத சக ஆய்வாளர் கார்ல் பிரவுஸ்னிட்ஸ் தன் வயிற்றுத் தோலில் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தியதும் பட்டென்று தடிப்பு எழுந்தது. ஒவ்வாமையை ரத்தத்தில் உள்ள ஏதோ ஒன்று சுமந்து போகிறது, அது தோலில் போய் ஒட்டிக்கொண்டு காத்திருக்கிறது என்று இதனால் தெரிந்தது. அந்த ஏதோ ஒன்று என்ன என்பது தெரிய 45 ஆண்டுகள் ஆயின. 1966-இல் அமெரிக்காவில் இஷிசாகா தம்பதியும், அடுத்த ஆண்டு ஸ்வீடனில் யோஹான்சன், பென்னிச் இருவரும் தனித்தனியே அதைக் கண்டறிந்தார்கள். 1968-இல் ஐஜிஇ என்று பெயர் நிலைத்தது.

ஐஜிஇ ஒரு எதிர்ப்பொருள், ஆன்டிபாடி. ரத்தத்தில் மற்ற எதிர்ப்பொருள்களை ஒப்பிட மிகக் குறைவு, அங்கே இரண்டு நாளில் பாதி கரைந்துவிடும். மாஸ்ட் செல்லின் மேல் உள்ள ஏற்பியில் (வருவதைப் பிடித்துக்கொள்ளும் புரதத்தில்) போய் உட்கார்ந்துவிட்டாலோ வாரக்கணக்கில் நகராது. முதல் சந்திப்பில் உடல் அந்தப் பொருளுக்கான ஐஜிஇ-யைத் தயாரிக்கிறது, அது மாஸ்ட் செல்களின் மேல் ஏறிக்கொள்கிறது. வெளியே எதுவும் தெரியாது. அடுத்த சந்திப்பில் அந்தப் பொருள் வந்து பக்கத்துப் பக்கத்து ஐஜிஇ-க்களை இணைத்துப் பிடித்தால் செல் குருணைகளைக் கொட்டுகிறது. “இத்தனை வருஷமா இறால் சாப்பிட்டேனே டாக்டர், திடீர்னு எப்படி?” என்று கேட்பவர்களுக்கான பதில் இதில் இருக்கிறது. முதல் சந்திப்பு எப்போது நடந்தது என்பது யாருக்கும் தெரியாமலே நடந்து முடிந்திருக்கும்.

ஐஜிஇ மட்டுமே வழி என்று நினைத்துவிடக் கூடாது. பாக்டீரியாவின் சுவர்த் துண்டுகளை நேரடியாக உணரும் ஏற்பிகள் மாஸ்ட் செல்லில் உண்டு. ரத்தத்தில் கிருமியை எதிர்க்க உதவும் காம்ப்ளிமென்ட் புரதங்களுக்கும், நரம்பிலிருந்து வரும் செய்திகளுக்கும் தனி ஏற்பிகள் உண்டு. எம்ஆர்ஜிபிஆர்எக்ஸ்2 என்று வாயில் நுழையாத பெயருடைய இன்னொன்றும் இருக்கிறது. சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக், அறுவை சிகிச்சையில் தசையைத் தளர்த்தத் தரும் சில மருந்துகள் ஆகியவை இதைத் தட்டிவிடும் என்று 2015-இல் தெரியவந்தது. அதனால் ஒரு மருந்தை முதன்முறை ஏற்றும்போதே சிலருக்கு உடம்பு சிவந்து தடிக்கிறது, முன்பின் அறிமுகம் தேவையே இல்லை.

எதற்காக இந்த ஏற்பாடு

அலர்ஜியை மட்டும் பார்த்தால் இந்தச் செல்லை உடம்பிலிருந்து எடுத்துவிட்டால் நன்றாயிருக்குமே என்று தோன்றும். ஆனால் மாஸ்ட் செல் அலர்ஜியைவிட மிகப் பழையது. கடலடியில் பாறையில் ஒட்டி வாழும், முதுகெலும்பே இல்லாத அசிடியன்களிடமும் ஹிஸ்டமினும் ஹெப்பாரினும் கொண்ட, மாஸ்ட் செல் போன்ற செல்கள் இருக்கின்றன. ஐஜிஇ பாலூட்டிகளுக்கு மட்டுமே உரியது. அதாவது ஐஜிஇ தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்தே இந்தச் செல் வேறு ஏதோ வேலை பார்த்துக்கொண்டிருந்தது. தும்மவைப்பதற்காக இயற்கை இத்தனை காலம் ஒரு செல்லைச் சுமந்திருக்காது.

அந்த வேலைகளில் ஒன்று 1996-இல் தெளிவாகியது. ஒரே இதழில் அடுத்தடுத்து இரண்டு ஆய்வுகள், ஒன்று ஜெர்மனியிலிருந்து, மற்றொன்று அமெரிக்காவில் ரவி மாளவியா, சோமன் ஆபிரகாம் குழுவிடமிருந்து. மாஸ்ட் செல் இல்லாத எலிகளின் வயிற்றில் பாக்டீரியா தொற்று ஏற்பட்டால் அவை சாதாரண எலிகளைவிட வெகு அதிகமாகச் செத்தன. மாஸ்ட் செல்களைத் திரும்ப வைத்ததும் பிழைத்தன. காரணம் டிஎன்எஃப் என்ற புரதம். மற்ற செல்கள் அதைத் தேவைப்படும்போது தயாரிக்கின்றன, மாஸ்ட் செல்லோ கொஞ்சத்தைக் குருணையில் முன்கூட்டியே வைத்திருக்கிறது. அதைக் கொட்டியவுடன் நியூட்ரோஃபில்கள் அங்கே விரைகின்றன. பாக்டீரியாவைப் பெரும்பாலும் விழுங்கிக் கொல்பவை அந்த நியூட்ரோஃபில்கள்தான். மாஸ்ட் செல்லின் பெருமை, அவற்றை நேரத்துக்கு வரவைப்பதில் இருக்கிறது. (பிற்கால ஆய்வுகளில், தொற்று மிகக் கடுமையாகிவிட்டால் இதே செல் கெடுதலும் செய்கிறது என்று தெரிந்தது. அந்த எலிகளுக்கு வேறு மரபணுக் குறைகளும் இருந்ததால் பழைய முடிவுகள் சிலவற்றின் மேல் விவாதம் இன்னும் ஓயவில்லை.)

குடற்புழு இன்னொரு எதிரி. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளிகளில் அல்பெண்டசோல் மாத்திரை தருகிறார்களே, அந்தக் கொக்கிப்புழு, உருண்டைப்புழு வகையறா. எந்த வெள்ளணுவாலும் விழுங்க முடியாத அளவு பெரியவை. விழுங்க முடியாததை வெளியே தள்ளத்தான் வேண்டும். மாஸ்ட் செல் கொட்டும் பொருள்கள் குடலுக்குள் நீரைக் கசியவிட்டு, சளியைப் பெருக்கி, குடல் தசையை இறுக்கி அசைக்கின்றன. எலிகளில் டிரிக்கினெல்லா புழுவை வெளியேற்ற மாஸ்ட் செல்லின் ஒரு நொதி தேவைப்படுவது காட்டப்பட்டிருக்கிறது. தும்மல், இருமல், வாந்தி, பேதி, சொறிதல் என்று அலர்ஜியில் நாம் படும் பாடு எல்லாமே எதையோ வெளியே தள்ளும் செயல்கள் என்பதைக் கவனியுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த கதை விஷத்தைப் பற்றியது. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்தில், இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1978-இல் தொடங்கிய சங்கம் அது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கிலிருந்தும் விஷம் எடுத்து, விஷமுறிவு மருந்து செய்பவர்களுக்குத் தருகிறார்கள். அந்த விஷத்தைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றி, குதிரை உண்டாக்கும் எதிர்ப்பொருளைப் பிரித்தால் மருந்து. குதிரை நிதானமாக வாரக்கணக்கில் செய்கிற வேலை அது. கடிபட்ட உடலிலேயே, கடித்த இடத்திலேயே ஏதாவது தற்காப்பு இருக்கிறதா?

இருக்கிறது என்று 2006-இல் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீஃபன் கேலி குழு காட்டியது. தேனீ விஷத்தையும் சில பாம்புகளின் விஷத்தையும் மாஸ்ட் செல் உள்ள எலிகள் தாங்கின, இல்லாத எலிகள் மடிந்தன. குருணையில் இருக்கும் கார்பாக்சிபெப்டிடேஸ் என்ற நொதி விஷப் புரதத்தை வெட்டிச் செயலிழக்க வைத்ததே முக்கியக் காரணம். பிறகு 2016-இல் நம்மூர்க் கண்ணாடி விரியன் விஷத்தை வைத்தே சோதித்தார்கள். சாகாத அளவு விஷத்தை முன்பே பெற்று ஐஜிஇ உண்டாக்கிக்கொண்ட எலிகள், பிறகு வந்த கொல்லும் அளவைக் கூடுதலாகத் தாங்கின. அலர்ஜி என்பது நச்சுக்கு எதிராக உருவான தற்காப்பு என்று மார்ஜி புரோஃபெட் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1991-இல் சொன்னபோது பலர் சிரித்தார்கள். இன்று அந்தக் கருத்தை ஒதுக்கிவிட முடியாது. இதைப் படித்துவிட்டு யாரும் பாம்புக்கடிக்கு மாஸ்ட் செல்லை நம்பி வீட்டில் உட்கார வேண்டாம். எலிக்கு ஏற்றிய அளவும் விரியன் ஒரு கடியில் மனிதனுக்குள் இறக்கும் அளவும் வேறு. விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்கு உடனே ஓடவேண்டியதுதான்.

2023-இல் வந்த இரண்டு ஆய்வுகள் இன்னும் ஒரு படி மேலே போயின. ஒரு புரதத்துக்கு ஒவ்வாமை ஏற்பட்ட எலிகள், அது கலந்த நீரைக் குடிக்காமல் ஒதுங்கின. மாஸ்ட் செல்லோ ஐஜிஇ-யோ இல்லாத எலிகள் எந்தத் தயக்கமும் இல்லாமல் குடித்தன. ஆகாததை வாயில் வைக்கவே விடாமல் தடுப்பதும் இந்தச் செல்லின் வேலையில் சேர்த்தி போலும்.

சென்னை வீட்டில் அது தடுமாறும் இடங்கள்

இப்போது நகரத்து வீட்டுக்கு வருவோம். புழுவும் விஷமும் அரிதாகிப்போன இடத்தில் மாஸ்ட் செல்லின் கண்ணில் படுவது மெத்தையில் வாழும் தூசுப்பூச்சி. கடற்கரை ஈரக்காற்று அதற்கு மிகவும் உகந்தது. அதன் கழிவில் உள்ள முக்கியமான புரதம் ஒரு செரிமான நொதி, புரதத்தை வெட்டக்கூடியது. ஒட்டுண்ணிகளும் அப்படிப்பட்ட நொதிகளை வைத்துத்தான் உடலைத் துளைக்கின்றன. செல் அதைப் பகையாக எடுத்துக்கொள்வதில் ஓரளவு நியாயம் இருக்கிறது என்பேன். இறால், நண்டு சங்கதியும் இதோடு தொடர்புள்ளது. இவற்றின் தசையில் இருக்கும் டிரோப்போமையோசின் என்ற புரதம் கரப்பான்பூச்சியிலும் தூசுப்பூச்சியிலும் ஏறக்குறைய அதே வடிவில் இருக்கிறது. ஒன்றுக்கு உண்டான ஐஜிஇ மற்றொன்றையும் பிடித்துக்கொள்ளலாம்.

மீன் சாப்பிட்டுத் தடித்தால் எல்லாம் அலர்ஜி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களை ஐஸ் இல்லாமல் வெயிலில் வைத்திருந்தால் பாக்டீரியாக்கள் அவற்றின் சதையிலேயே ஹிஸ்டமினை உண்டாக்கிவிடும். எவ்வளவு கொதிக்க வைத்துக் குழம்பு வைத்தாலும் அது அழியாது. மாஸ்ட் செல்லின் பங்கே இல்லாமல் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பு தடிக்கும். வித்தியாசம் கண்டுபிடிப்பது எளிது. அலர்ஜி என்றால் வீட்டில் ஒருவருக்கு வரும், கெட்ட மீன் என்றால் சாப்பிட்ட பலருக்கும் வரும்.

வடகிழக்குப் பருவமழையோடு டெங்கு வரும்போதும் இந்தச் செல்லின் இரண்டு முகமும் தெரிகிறது. கொசு வைரஸைத் தோலில் இறக்கியதும் அதை முதலில் உணர்பவற்றில் மாஸ்ட் செல்லும் ஒன்று, வைரஸ் புகுந்த செல்களைக் கொல்லும் அணுக்களை அது வரவழைக்கிறது. ஆனால் வைரஸ் உடலெங்கும் பரவிவிட்டால் எல்லா இடத்திலும் ரத்த நாளங்களைக் கசியவிடுகிறது. டெங்குவில் நாம் பயப்படும் கசிவில் இதற்கும் பங்குண்டு. நோய் கடுமையானவர்களின் ரத்தத்தில் மாஸ்ட் செல்லின் கைமேஸ் கூடுதலாக இருப்பதை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். மாஸ்ட் செல்லை அடக்கும் மருந்துகள் எலிகளில் கசிவைக் குறைத்தன. மனிதர்களுக்கு அது வழக்கமான சிகிச்சை ஆகவில்லை, ஆகவே மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

மருந்துக்கடை என்றதும் ஒரு புலம்பல். கொரோனாவுக்குப் பிறகு “இம்யூனிட்டி பூஸ்டர்” என்று பொடியும் லேகியமும் அடுக்கி வைத்திருக்கிறார்கள். காணாக்கடியால் தடித்துப்போய் வருபவருக்கும் அதையே நீட்டுகிறார்கள். அவருடைய உடம்பில் எதிர்ப்பு குறையவில்லை, ஒரு பகுதி தேவையில்லாத இடத்தில் மும்முரமாக வேலை செய்கிறது. எதைப் பூஸ்ட் செய்வது?

செட்டிரிசின் போன்ற மாத்திரைகள் ஹிஸ்டமின் போய் உட்காரும் இடத்தை மறித்துக்கொள்கின்றன. செல் கொட்டுவதை நிறுத்துவதில்லை, மற்ற பொருள்களைத் தடுப்பதும் இல்லை. அரிப்புக்கும் தும்மலுக்கும் நன்றாகக் கேட்கிற மாத்திரை இரைப்புக்குக் கேட்காதது அதனால்தான். அலர்ஜிக் கண் அரிப்புக்குத் தரும் குரோமோகிளைக்கேட் சொட்டு மருந்து, செல் கொட்டுவதையே ஓரளவு தடுக்கிறது. ஓமலிசுமாப் ஊசி ஐஜிஇ-யைப் பிடித்துக்கொண்டு மாஸ்ட் செல்லில் ஏறவிடாமல் செய்கிறது, விலைதான் கையைக் கடிக்கும். தோலில் சொட்டு வைத்துக் குத்திப் பார்க்கும் பரிசோதனையில் பதினைந்து இருபது நிமிடத்தில் எழும் தடிப்பை அளக்கிறார்கள். அது உங்கள் தோல் மாஸ்ட் செல்களிடம் நேரில் கேட்கும் கேள்வி. சில நாட்கள் முன்பே செட்டிரிசினை நிறுத்தச் சொல்வது, பதிலை அது மறைத்துவிடும் என்பதால்.

ஒரு நிலைமையில் மட்டும் மாத்திரையைத் தேடி நேரத்தை வீணாக்கக் கூடாது. குளவி கொட்டியோ ஊசி போட்டோ இறால் சாப்பிட்டோ சில நிமிடங்களில் உடம்பெங்கும் தடிப்பு, மூச்சுத் திணறல், தொண்டை இறுக்கம், தலைசுற்றி விழுதல் என்று சேர்ந்து வந்தால் உடலெங்கும் மாஸ்ட் செல்கள் ஒரே நேரத்தில் கொட்டிக்கொண்டிருக்கின்றன என்று பொருள். அதற்கு மருந்து அட்ரினலின், தொடையின் வெளிப்பக்கத் தசையில். விரிந்த நாளங்களைச் சுருக்கி, சுருங்கிய மூச்சுக்குழாயை விரித்து, செல்கள் மேலும் கொட்டுவதையும் அது குறைக்கிறது. 108-ஐ அழையுங்கள். நோயாளியைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரவிடலாம். சட்டென்று எழுந்து நடக்க விடாதீர்கள். தேறிவிட்டது என்று உடனே வீட்டுக்குக் கிளம்பவும் கூடாது, சில மணி நேரம் கழித்து இரண்டாவது அலை வரக்கூடும். நடந்தது அலர்ஜிதானா என்று சந்தேகம் இருந்தால் ரத்தத்தில் டிரிப்டேஸ் பார்க்கலாம். தொடங்கி ஓரிரு மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு இறங்கிவிடும் என்பதால், அறிகுறி தொடங்கிய நேரத்தையும் ரத்தம் எடுத்த நேரத்தையும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். ஒரு நாள் கழித்து மறுபடி எடுத்து இரண்டையும் ஒப்பிட்டால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு.